முனி மேல் போட்ட பழி

என் கூடப்பிறந்தவன் பெற்ற மருமகனே, என் செந்திலு,

எட்டாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். நேரில் என்றால் நான் பேச ஆரம்பித்ததுமே, "டீ ஆறுது அத்தே, குடிச்சிட்டுப் பேசு" என்பாய். இப்போது என்னை நிறுத்த ஆளில்லை.

விளாங்குடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன் பெண்டாட்டி கலாவிடம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பந்து விளையாடிவிட்டு வந்திருக்கிறாய். நெஞ்சை அடைக்குது, கேஸ்தான், ஒரு சோடா வாங்கிட்டு வா என்று அவளைக் கடைக்கு அனுப்பியிருக்கிறாய். சோடாவோடு அவள் திரும்பியபோது நீ நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தாய். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள், முடிந்துவிட்டது என்றார்கள்.

பீடி சிகரெட் தொடாதவன், தொந்தி இல்லாதவன், விடிந்ததும் ஓடுகிறவன், இவனுக்கு எப்படி வந்தது என்று துட்டிக்கு வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். எப்படி வந்தது? உன் அப்பனுக்கு வந்த மாதிரித்தான் வந்தது.

அதை நம் வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் குத்தகை வயலில், உச்சி வெயிலில், உன் அப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே விழுந்தான். அவனுக்கும் ஏறக்குறைய உன் வயசுதான். முனி அடித்துவிட்டது என்றார் உன் பெரியப்பா. ஊரும் அதையே சொன்னது. என்ன ஏது என்று எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கோடாங்கியிடம் குறி கேட்டார்கள். முனிக்குக் கிடா வெட்டினார்கள். அதோடு அந்தச் சாவு முடிந்துபோனது.

அதனால்தானே உன் கம்பெனியில் உடம்பு சோதித்த டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயசில் மாரடைப்பு வந்திருக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்றாய்? என்னிடமே வந்து சொன்னாயே. "அப்பாவ முனி அடிச்சிருச்சுன்னு அவர்ட்டச் சொன்னா, எனக்குக் கிறுக்கு ஊசியில்ல போடுவாரு அத்தே." சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நெஞ்சை இன்னும் தீரச் சோதிக்க அவர்களுக்கு என்ன காரணம் இருந்தது? நீ பொய் சொல்லவில்லை ராசா. உனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாய்.

நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை விளக்குப் போடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். எனக்குத்தான் இது அதிகமாக எரிகிறது. ஊரைக் காவல் காக்கிற சாமியை நாமே கொலைகாரனாக்கி வைத்திருக்கிறோம். ரத்தக்குழாய் அடைத்ததற்கு அது என்ன பண்ணும்?

உன் காரியம் முடிந்த கையோடு பெரியப்பா மறுபடியும் கிடா என்றார். உன் தம்பி பாண்டிக்கு மேலூரில் பெண் பேசி வைத்திருக்கிறதே, கல்யாணத்துக்கு முன்னால் முனியைச் சாந்தப்படுத்த வேண்டுமாம்.

"கிடாய வெட்டுங்கண்ணே, நான் வேணாங்கல. மொதல்ல இவன் நெஞ்சப் பாருங்க" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பொண்ணு பேசுன நேரத்துல மாப்ளயக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சா, சீக்கு வந்த குடும்பம்னு ஒதுக்கிருவாய்ங்க. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு தங்கச்சி."

முனி அடித்த குடும்பத்துக்குப் பெண் கொடுப்பார்களாம். மாரடைப்பு வந்த குடும்பத்துக்குக் கொடுக்க மாட்டார்களாம். இது என்ன நியாயம்?

பாண்டியும் லேசில் வரவில்லை. "எனக்கென்ன அத்தே, கல்லு மாதிரி இருக்கேன்" என்றான். "உங்கண்ணன் மட்டும் என்ன வாழத்தண்டு மாதிரியா இருந்தான்?" என்றேன். அதற்கப்புறம்தான் வண்டியை எடுத்தான்.

கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். உன்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார். பாண்டி என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னேன்: "இவங்க அப்பாவும் நெஞ்சுவலில விழுந்துதான் போனாரு. இவங்க அண்ணனும் அப்படித்தான் போனான். ரெண்டு பேரும் வாழ வேண்டிய வயசு." இத்தனை வருசத்தில் அதை ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

ரத்தம் எடுத்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள், ஓடும் மெஷினில் நடக்க விட்டார்கள். நெஞ்சுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லையாம். ஆனால் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக இருக்கிறது. இது தின்று வந்தது மட்டும் இல்லை, பரம்பரையாக வருகிறதாகத் தெரிகிறது என்றார். இப்போதே மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் வைக்கலாமாம். ஒரு மாத்திரை, செந்திலு. நீயும் விழுங்கியிருப்பாயே.

எழுந்து வரும்போது டாக்டரம்மா, அண்ணனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். உன் மகள் யாழினியையும் சோதித்துவிட வேண்டுமாம்.

மேலூர்க்காரர்களுக்கு நானே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்துக் கட்டினால் அந்தப் பெண்ணும் ஒருநாள் கலா மாதிரிக் கடைக்கு ஓடுவாள். அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. பெரியப்பா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று வீடு வீடாகச் சொல்கிறாராம். சொல்லட்டும். பாண்டி உயிரோடு இருந்தால் வேறு பெண் பார்த்துக்கொள்ளலாம். உன்னைப் பார்க்க நான் எங்கே போவேன்?

திங்கட்கிழமை யாழினியைக் கூட்டிப் போகிறேன். கலா சம்மதித்துவிட்டாள். ஊசி குத்தும்போது பிள்ளை அழுவாள், மடியில் வைத்துக்கொள்கிறேன். அவள் அப்பன் எதில் போனான் என்பதை, அவளுக்குப் புரிகிற அன்றைக்கு ஒளிக்காமல் சொல்வேன். இது உனக்கு நான் செய்து தருகிற சத்தியம்.

உன் வாயாடி அத்தை,
ராக்கம்மாள்