மூடிய டிரெய்லருக்குள்

அன்புள்ள ஆக்னஸ்,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பயந்துவிடுவாய் என்று எழுதுகிறேன்.

அம்பத்தூரில் நாங்கள் கட்டுவது மூடிய டிரெய்லர். இழுக்கிற வண்டிக்குப் பாரம் குறைய மெல்லிய தகடுதான் அடிப்போம். முடித்ததும் ஒருவர் உள்ளே உட்கார, கதவைச் சாத்துவார்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் மழையும் இறங்கும் என்பதால் அங்கே சாக்பீஸால் குறிக்க வேண்டும். நேற்று என்னை உள்ளே வைத்துச் சாத்தியவர்கள், மறந்து சாப்பிடப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்து திறந்த, என்னோடு வேலை செய்யும் யூசுப், "இன்னா அண்ணாத்தே, கதவத் தட்டக்கூடாதா?" என்று கத்தினான்.

எனக்குத் தட்டத் தோன்றவில்லை. பேச ஆளில்லாத என் அறையில் இருப்பது போலவே இருந்தது.

ஜன்னலில் கட்ட உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. கம்பெனி வண்டி வந்துவிட்டது. இனி நான் போன் செய்யும்போது பிள்ளைகளை அடக்காதே, கத்தட்டும்.

இருதயராஜ்