கல்லுக்குக் கீழே

அன்புள்ளவளுக்கு,

ஸ்போக்கேன் நகரத்தில் குளிர் எப்படி? இங்கே லார்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. உன் கோழிகளில் ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது.

போன மாதம் உன் தங்கை வந்திருந்தாள். டெல்லாவைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டு உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சுற்றிலும் புல், நம் மகளின் மேடு மட்டும் வெறும் கூழாங்கல். "அப்பன்னு ஒருத்தன் இருந்தும் ஒரு பூச்செடி வைக்கலையா?" என்று கேட்டாயாம்.

வைத்தேன், கருகிப்போனது. மறுபடியும் வைத்தேன். விட்ட தண்ணீரெல்லாம் கல்லிடுக்கில் இறங்கிவிடுகிறது.

பக்கத்து நிலத்து வெர்ன்கூடச் சிரித்தான். "ஏம்பா, இந்தக் காட்லயே பொறந்தவன் நீ! சாம்ப மண்ணு மேல, கல்லு கீழன்னு தெரியாதா? தலைகீழாப் போட்டு மூடியிருக்கியே, இதுல எது முளைக்கும்?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குக் குழி வெட்டி முடித்ததும் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அவ மேல கல்லப் போட்டுடாத." பிறகு உன்னை வீட்டுக்குள் கூட்டிப்போய்விட்டார்கள். மூடியதை நீ பார்க்கவில்லை.

எந்தக் காலத்திலோ எரிமலை தூவிவிட்டுப்போன சாம்பல் மண், மாவு மாதிரி இருக்கும். இங்கே அது ஒரு முழம்தான். அதற்குக் கீழே முழுக்கப் பனியாறு உருட்டிப்போட்ட கல். அந்த ஒரு முழத்தையும் கையால் அள்ளி முதலில் அவள் மேல் போட்டேன். கல்லெல்லாம் அதற்கு மேல்தான்.

புல் முளைக்காது. நல்ல மண் முழுவதும் அவளிடம் இருக்கிறது.

அப்பன் என்று இருக்கும்,
அந்த ஒருத்தன்.