மூன்றாவது நாற்காலி

என்னங்க,

சனிக்கிழமை தவறாமல் கேம்பஸ் பக்கத்துப் பேகல் ரொட்டிக் கடைக்குப் போகிறீர்கள். ரப்பரைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று முதல் வாரமே முகம் சுளித்தவர் நீங்கள். அப்புறம் எதற்கு ஆங் மோ கியோவிலிருந்து அவ்வளவு தூரம்? கேட்டால் "கியூ நீளம், நல்ல கடை லா" என்பீர்கள். கியூவில் நிற்கவா சட்டையை அயர்ன் செய்து, செண்டும் போட்டுக்கொண்டு?

நேற்று உங்கள் பின்னாலேயே வந்தேன். ஜன்னலோர மேசையில் இரண்டு நாற்காலிகளில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்துவிட்டு வரிசைக்குப் போனீர்கள். அந்த இரண்டாவது பாக்கெட் யாருக்கு? மேசை துடைத்த தமிழ்க்கார அக்காவிடம் விசாரித்தேன்.

"அந்த அங்கிளா? வாரா வாரம் ஒரு பொண்ணு வரும் லா. சிரிச்சு சிரிச்சுப் பேசுவாங்க."

வரட்டும், முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று அதே மேசையின் மூன்றாவது நாற்காலியில் என் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

வந்தது நம் மகள். நிரஞ்சனா. இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று இரண்டு வருடமாக நான் தடுத்த பெயரை நானே எழுதிவிட்டேன். ரொம்ப இளைத்திருக்கிறாள்.

நீங்கள் கிளம்பும்வரை தூணோடு நின்றேன்.

அந்த மூன்றாவது நாற்காலியில் இருவரும் பையைக்கூட வைக்கவில்லை. யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று கடைசிவரை காலியாகவே விட்டீர்கள்.

அது நான் பிடித்த இடம்.

உங்கள் மனைவி,
அவளுக்கு அம்மா