சிங்கப்பூர் நோட்டீஸ்

இன்று காலை, இப்போது நான் இருக்கும் கிள்ளான் வீட்டுக்கு, என் பெயரில் வீட்டு வரி நோட்டீஸ் வந்தது. மடிப்பைப் பிரித்ததும் முத்திரை மையின் வாசனை அடித்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உன் வீட்டுக்கு வந்த காகிதத்திலும் இதே வாசனைதான். நீ அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவாய். "கிராணி, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்பாய். அப்போது நான் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. இந்த ஊரில் அதற்குப் பெயர் கிராணி. இருபது வருடப் பழக்கத்தில் நீ ஒருநாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வெளியே போகவிருந்தேன். போகவில்லை. நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் வரிசை வீடுகளுக்கு வரும் இங்கிலீஷ் காகிதமெல்லாம் என்னிடம்தான் வரும். அதற்கென்று நாமே வைத்துக்கொண்ட முறை ஒன்று இருந்தது. முதலில் நான் மனத்துக்குள் படிப்பேன். அதற்குப் பிறகுதான் தமிழில் வாய்விட்டுச் சொல்வேன். சாவுச் செய்தியாக இருந்தால் கேட்கிறவரை முதலில் உட்கார வைக்க வேண்டுமே. அந்த நேரத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டீர்கள். நான் ஏதோ பெரிய மேதை என்று எனக்கே நினைப்பு வரும் அளவுக்கு அமைதியாக இருப்பீர்கள்.

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், சிங்கப்பூரில் இருந்த உன் மச்சினன் எழுதியிருந்தான். துறைமுகப் பட்டறையில் உனக்கு வேலை தயார், இங்கே வாங்குவதைவிடக் கூட்டிக் கொடுப்பார்கள் என்று. உன் மனைவிக்கு அவன் ஒரே அண்ணன். மூத்த குழந்தையைப் புதைத்த பிறகு அவளுக்குப் பிரிக்பீல்ட்ஸே பிடிக்காமல் போயிருந்தது. ஆனால் உனக்கு ஒரு தயக்கம். "அங்க கவர்மெண்டு வேற. சம்பளத்துலயே வரி புடிக்கிறானாம். இங்க வீட்டு வரி கட்டுறதோட போச்சு. வீட்ட வித்துட்டு அங்க போயி ரெண்டுங்கெட்டானா நிக்கக்கூடாது பாரு" என்றாய். மச்சினனிடமே கேட்டாய். அவன் அந்த வரியைப் பற்றிய அச்சு நோட்டீஸை அனுப்பி, 'யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கோ' என்று எழுதிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் கோயில் பூசை முடிந்து வந்திருந்தீர்கள். நான் வழக்கம்போல் சாப்பிட வந்திருந்தேன். என் மனைவி ஊரிலேயே இருந்துவிட்டாள், கப்பலேற மாட்டேன் என்று. உன் வீட்டுச் சாப்பாடும் உன் வீட்டுப் பேச்சும் இல்லாவிட்டால் எனக்கு அந்த ஊரில் ஒன்றும் கிடையாது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. காரணம் இவ்வளவு அற்பமானது என்பதற்காகச் சொல்கிறேன்.

நோட்டீஸை மனத்துக்குள் படித்தேன். நடுவில் ஒரு வாக்கியம். இந்தத் தொகைக்குக் கீழே சம்பாதிக்கிறவர்களுக்கு இந்த வரி இல்லை என்று. உன் சம்பளம் அந்தத் தொகைக்குப் பக்கத்திலேயே வராது. அங்கே கிடைக்கவிருந்த கூடுதல் சம்பளமும் வராது. ஆக, அங்கே உனக்குச் சம்பள வரி ஒரு காசு கிடையாது. வாடகை வீட்டில் இருந்தால் வீட்டு வரி நோட்டீஸும் உன்னைத் தேடி வராது. எந்த முட்டாளும் போடக்கூடிய கணக்கு அது.

பிறகு வாய்விட்டுப் படித்தேன். அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போனேன்.

சோறு போட்டுக்கொண்டிருந்த உன் மனைவி கேட்டாள். "எல்லாருக்குமா அண்ணே?"

"எல்லாருக்கும்தான் தங்கச்சி" என்றேன். அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் வெட்கமில்லாமல் ஒரு பென்சிலை எடுத்து, இந்தப் பக்கம் வீட்டு வரியும் நில வரியும், அந்தப் பக்கம் சம்பள வரியும் வாடகையும் என்று கூட்டிக் காட்டினேன். கூட்டலில் தப்பே இல்லை. நீ தலையை ஆட்டினாய். "கிராணி போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றாய். அன்றைக்கு இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு மாதம் கழித்து உன் மச்சினன் மறுபடி எழுதினான். தமிழில். தமிழ் உனக்கே படிக்கத் தெரியும். நான் வந்தபோது அதைப் படித்துக்கொண்டிருந்தாய். நம்மைப் போன்ற ஆட்கள் யாரும் அங்கே அந்த வரியைக் கட்டவில்லை என்று அவன் எழுதாமல் இருந்திருப்பானா? நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். கடிதத்தை மடித்தாய். "வா கிராணி, கை கழுவு" என்றாய். துறைமுக வேலைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது, உன் மனைவியிடம் இதைப் பற்றி ஒன்றும் பேசவேண்டாம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னாய். நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

சண்டை முடிந்த கொஞ்ச வருடத்தில் அங்கே அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். பேப்பரில் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உன் மச்சினன் காய்ச்சலில் போனபோது உன் மனைவி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது, எல்லாம் விழுந்தது. நீ வேலை பார்த்த ரயில்வே பட்டறையில் ஆள் குறைத்தார்கள், உன்னையும் சேர்த்து. சம்பளம் நின்றாலும் வீட்டு வரி நிற்கவில்லை. மூன்று நோட்டீஸ் கட்டாமல் சேர்ந்த பிறகு நாலாவதை எடுத்துக்கொண்டு வந்தாய். நீட்டினாய். "முழுசா படி, கிராணி" என்றாய். அத்தனை வருடத்தில் அதைப் பற்றி நீ சொன்னது அவ்வளவுதான். நான் முழுவதும் படித்தேன், அடியில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும். வீடு வந்த விலைக்குப் போனது. போர்ட் சுவெட்டன்ஹாமில் உங்களை ஊருக்குக் கப்பலேற்றினேன். நீ கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்க. கண்ட கடையில சாப்புடாத" என்றாய்.

போன வருடம் நீ போய்விட்டாய் என்று உன் மனைவி யாரையோ கொண்டு எழுதி அனுப்பினாள். இரண்டு மாதத்துக்கு முன் இன்னொரு கடிதம். உள்ளே ஒரு பத்திரம். உன் பங்கு நிலத்தை உன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாகக் கைநாட்டு வைக்கச் சொல்கிறார்களாம். 'கடிதம் படித்துச் சொல்லும் வாத்தியாருக்குப் பத்திரம் புரியவில்லை. மற்றவர்கள் யார் சொன்னாலும் நம்ப முடியவில்லை அண்ணே. நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்பார் அவர், கடைசி வரைக்கும் அப்படித்தான் சொல்வார். படித்துச் சொல்லுங்கள்' என்று இருக்கிறது.

நீ அவளிடம் சொல்லவே இல்லை. என்னை அவள் முன்னால் அசிங்கப்படுத்தாமல் நீ செத்துப்போயிருக்கிறாய்.

பத்திரத்தை எத்தனையோ முறை படித்துவிட்டேன். கைநாட்டு வைக்கக் கூடாது. அதைச் சொல்ல ஒரு கார்டு போதும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை அவளிடம் சொல்லாமல் 'நம்பு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சொன்னால் அவள் எதற்கு என்னை நம்பவேண்டும்? நம்பாமல் கைநாட்டு வைத்துவிட்டால் இரண்டாம் தடவையும் அவளைத் தெருவில் நிறுத்தியவன் நான்தான். அதனால் மத்தியானத்துக்கு மேல் எழுந்து வெளியே போய், முதலில் கார்டைப் போட்டுவிட்டேன், வைக்காதே என்று. இனி மற்றதை எழுத வேண்டும். 'தங்கச்சி' என்று ஆரம்பித்திருக்கிறேன். அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை.