கண் எரியாத வாரம்

30 செப்டம்பர் 2024, திங்கள்

காலையில் ஆய்வகக் குளிர்பெட்டி சரியான அளவில் இருந்தது. குறித்தேன்.

மருத்துவமனை மேலாளர் டில்லிபாபு கூப்பிட்டனுப்பினார். நவம்பரில் தரச் சான்றிதழ்க்காரர்கள் வருகிறார்களாம். அதற்குள் ஊழியர் எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி முடிந்திருக்க வேண்டுமாம். "நீங்கதான் பாய் பாதுகாப்பு அதிகாரி" என்றார். ஓய்வு பெற்றபின் அரை நாள் வேலைக்கு வருகிற கிழவன் நான். சத்தமாகப் பேசினால் எனக்கே பயம். வேறு யாரையாவது போடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க" என்று வந்தது.

3 அக்டோபர், வியாழன்

பயிற்சி முடிந்தது. நடத்த வந்தவர் பெனிஷா என்ற பெண். கண்டிப்பானவர், ஆனால் முகம் சுளிக்காதவர்.

கடைசியில் ஓர் ஒத்திகை. ஃபார்மலின் கொட்டிவிட்டால் என்ன செய்வது? அறுவையில் எடுத்த தசை அழுகாமல் காக்கும் மருந்து அது. திறந்தாலே கண்ணும் மூக்கும் எரியும். ஒத்திகைக்கு நிஜ மருந்தைக் கொட்ட முடியுமா? காலி ஃபார்மலின் கேன் ஒன்றில் நான் தண்ணீர் நிரப்பினேன். கேனில் இருக்கும் பெயரைப் படித்துத்தான் ஊழியர்கள் முடிவெடுக்க வேண்டும், அதனால் பெயரை மறைக்காதீர்கள் என்றார் பெனிஷா. 'தண்ணீர்' என்று எழுதி வைத்திருந்த சீட்டை ஒட்டாமல் இழுப்பறையில் போட்டேன். பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

மருந்து மேலே பட்டவனாக நடிக்க வேண்டியவனும் நானே. கத்தினேன். எங்கள் ஆய்வகப் பெண் ஜோதிகா, கொருக்குப்பேட்டைக்காரி, சிரித்தே விட்டாள். "இன்னா சார் இது? பஸ்ல எவனாச்சும் கால மிதிச்சாக்கூட இத்தவிட சத்தம் வரும்!"

கேனில் பாதி மிச்சம் இருக்கும்போதே போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தால் இடம் பளிச்சென்று இருந்தது. எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே போக வேண்டும் என்பது இன்று கற்ற விதி. ஜோதிகா எல்லாவற்றையும் பெயர் பார்த்து அலமாரியில் அடுக்கியிருந்தாள். நல்ல பெண்.

8 அக்டோபர், செவ்வாய்

அறுவை அரங்குக்கான சின்ன டப்பாக்களில் ஜோதிகா இன்று மருந்து ஊற்றினாள். கரி வடிகட்டி வைத்த புது முகக்கவசம், கண்ணாடி, கையுறை, எல்லாம் பயிற்சியில் சொன்னபடி.

"சார், கண்ணே எரியல சார்! இத்தினி நாளா அழுதுகினே ஊத்தினு இருந்தோமே!"

எனக்கு ஏதோ பரிசு வாங்கினதுபோல் இருந்தது. பெனிஷாவுக்குச் செய்தி அனுப்பினேன்: பயிற்சிக்குக் கைமேல் பலன்.

10 அக்டோபர், வியாழன்

நாளை ஆயுத பூஜை விடுமுறை என்பதால் இன்றே எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள். எனக்குப் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

மாலையில் அரங்கிலிருந்து ஒரு டப்பா வந்தது. பட்டம்மாள், காத்திவாக்கம், இறால் உரிக்கிற வேலை. மார்பில் இருந்த கட்டியை முழுதாக எடுத்திருக்கிறார்கள். ஊசி போட்டுப் பார்த்த சோதனையில் ஒன்றும் தெளிவாகவில்லை; புற்றுநோயா இல்லையா என்று இதை வைத்துத்தான் முடிவு. வெளி ஆய்வகத்துக்குத் திங்களன்றுதான் போகும்.

பட்டம்மாளின் மகன் மதி கதவருகே நின்றான். "லீவு முடியறவரைக்கும் கெட்டுப்பூடாதா பாய்?"

"மருந்துல கெடக்குதுப்பா. வருஷமானாலும் கெடாது" என்றேன். நானாக இப்படி உறுதியாகப் பேசுவது அபூர்வம்.

18 அக்டோபர், வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வெளி ஆய்வகத்து மருத்துவர் போனில் பேசினார். "சார், இத எதுல போட்டு அனுப்பினீங்க? மூடியத் திறக்க முடியல. அழுகிப்போயிருக்கு. ஒரு செல்கூட முழுசா இல்ல."

"ஃபார்மலின்லதான் சார்! வேற எதுல போடுவோம்?" குரலை உயர்த்தினேன். நான்!

வைத்துவிட்டு அலமாரிக்குப் போனேன். முகக்கவசத்தை இறக்கினேன். கேனைத் திறந்தேன்.

எரியவில்லை.

மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். பிளாஸ்டிக்கில் ஒட்டிய பழைய நெடி, லேசாக. அவ்வளவுதான். தண்ணி. நான் புடிச்ச தண்ணி. குழாய்ல புடிச்ச தண்ணி—

"இன்னா சார், மொகமே ஒரு மாரி கீது?" ஜோதிகா. கேனை நீட்டினேன். முகர்ந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் சார் எடுத்து வெச்சேன். பேர் பாத்து வெச்சேன் சார்."

பேர் பார்த்துத்தான் வைத்தாள். விதிப்படிதான் முகக்கவசம் போட்டாள். கண் எரியவில்லை என்று சொல்லவும் செய்தாள். நான்தானே சந்தோஷப்பட்டேன்? சீட்டு இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது.

அந்தக் கேனிலிருந்து மூன்று டப்பா போயிருக்கின்றன. குடல்வால் ஒன்று, பித்தப்பை ஒன்று. இரண்டிலும் நோய் முன்பே தெரியும். மூன்றாவது? அந்தக் கட்டி உலகத்திலேயே ஒன்றுதான். இனி கிடைக்காது.

19 அக்டோபர், சனி

டில்லிபாபுவிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "சாம்பிள் பத்தலன்னு சொல்லிட்டா முடிஞ்சுது பாய். இன்ஸ்பெக்‌ஷன் வெச்சுக்கினு ஊரக் கூட்டாதீங்க." தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏன் ஆட்டினேன்?

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என்னவென்று மனைவி ஜீனத் கேட்டாள், சொன்னேன். "அந்தக் கட்டி எனக்கு வந்து, ஒருத்தன் இப்படித் தலையாட்டியிருந்தா அவன சும்மா விடுவீங்களா?" என்றாள்.

விட்டிருப்பேனோ என்னவோ. என்னை நம்ப முடியாது.

20 அக்டோபர், ஞாயிறு

எதுவும் படிக்க ஓடவில்லை.

21 அக்டோபர், திங்கள்

முதலில் அறுவை மருத்துவரிடம் போனேன். மேசையில் ஓங்கித் தட்டினார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு, கட்டி இருந்த இடத்தைச் சுற்றியும் அக்குளில் நெறிகட்டும் கணுவையும் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்றார். மறுபடி கத்தி. "யார் சொல்றது அந்தம்மாகிட்ட?"

"நான் சொல்றேன்." என் வாய்தானா?

தாயும் மகனும் பெஞ்சில் இருந்தார்கள். எதிரில் நின்றே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன். மருந்துக்குப் பதில் தண்ணீர், தவறு என்னுடையது, கட்டி நல்லதா கெட்டதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மதி எழுந்துவிட்டான். "தண்ணிலயா? எங்கம்மா கட்டியத் தண்ணிலயா போட்டு வெச்ச? கெடாதுன்னு சொன்னியேய்யா! வருசமானாலும் கெடாதுன்னியே!" சட்டையைப் பிடித்தான். பிடிக்கட்டும் என்று நின்றேன்.

பட்டம்மாள்தான் அவன் கையை எடுத்துவிட்டாள்.

"ஐஸ்லயாவது வெச்சிருக்கலாமே பாய்."

திட்டியிருக்கலாம்.

4 நவம்பர், திங்கள்

இரண்டாவது அறுவை. புதுக் கேன், முத்திரையை நானே உடைத்தேன். ஸ்ட்ரெச்சரில் போகும்போது பட்டம்மாள் தலையைத் திருப்பினாள். "இன்னிக்கி மருந்துதான பாய்?"

"மருந்துதாம்மா."

முகரக் கூடாது என்பது விதி. நல்ல விதி. ஊற்றுமுன் முகக்கவசத்தை இறக்கினேன். நெடி ஊசியால் குத்தினதுபோல் ஏறிற்று.

"மாஸ்க்கு சார்! மாஸ்க்கு!" என்று ஜோதிகா கத்தினாள்.

கண்ணிலிருந்து கொட்டிற்று. நன்றாக எரிந்தது.

15 நவம்பர், வெள்ளி

அறிக்கை வந்தது. சுற்றுத் தசையிலும் கணுவிலும் ஒன்றுமில்லை.

"அப்போ மொத கட்டில இன்னா இருந்துச்சு?" என்றான் மதி.

"தெரியாதுப்பா. இனியும் தெரியாது." கெட்டதாக இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். பட்டம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, "அடுத்து பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மட்டும் கேட்டாள்.

நடந்ததை நான் எழுதிக் கொடுத்துவிட்டதால் சான்றிதழ் தள்ளிப்போயிற்று. டில்லிபாபு என்னோடு பேசுவதில்லை.

நாளை மறுபடி ஒத்திகை, பெனிஷா வருகிறார். ஜோதிகா வாளித் தண்ணீரில் சாயம் கலக்கி வைத்திருக்கிறாள், ரோஸ் மில்க் நிறத்தில். "இத்தப் பாத்து எவன் சார் மருந்துன்னுவான்?"

உண்மைதான். இருந்தாலும் இழுப்பறையிலிருந்த சீட்டை எடுத்து வாளியில் ஒட்டினேன். பசை காய்ந்திருந்தது. இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.