காற்றடிக்கும்போது படிக்கவும்

உயர்திரு அப்பா அவர்களுக்கு,

தரையிலிருந்து உங்கள் வாலு எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீங்கள் எங்களைவிட எப்போதும் மேல் என்பதால் உங்கள் நலத்தை அண்ணாந்து பார்த்தபடியே கேட்டுக்கொள்கிறோம்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசும்போது பக்கத்தில் அம்மா இருக்கிறாள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, நான் வாயைத் திறந்தால் கண்ணாலேயே மூடுகிறாள். அதோடு, கிரேனில் ஏறும் முன் போனைக் கீழே பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். காகிதத்துக்குத் தடை இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். காற்று பலமாக அடித்தால் வேலையை நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை கிரேன் உச்சியில் இருக்கும் அந்தக் கூண்டிலேயே சும்மா உட்கார்ந்திருப்பீர்களாமே, அப்போது பிரித்துப் படியுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிரியுங்கள். என் எழுத்து ஏற்கெனவே பறக்கிற மாதிரிதான் இருக்கும்.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் கிளம்பும்போது கம்பியும் கான்கிரீட்டுமாக நின்றதே நாற்பது மாடி, அதைத் திறந்துவிட்டார்கள். உச்சியில் சுற்றிலும் கண்ணாடி வைத்து, ஊரைப் பார்ப்பதற்கென்றே ஒரு தளம். டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம். ஊரே வரிசையில் நின்று மேலே போகிறது, தன் வீடு தெரிகிறதா என்று தேடுகிறது, கீழே இறங்கி அதே வீட்டுக்குப் போகிறது.

எங்களையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு மூலையில் தரையும் கண்ணாடிதான். காலுக்குக் கீழே தெரு ஓடுகிறது. கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி ஸ்டிக்கர் கடையில் விற்கிறார்கள், தெரியுமா? எனக்குத் தெரியும். ஒன்றை நடுவில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். எங்கள் கணக்கு சார் வந்தார். எல்லாம் எடையைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள், யாரும் பயப்பட வேண்டாம் என்று பிரசங்கம் செய்துகொண்டே காலை வைத்தார். குனிந்து பார்த்தார். அடுத்த நொடி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். ஸ்டிக்கரை உரித்துவிட்டோம், சாரைத்தான் உரிக்க முடியவில்லை. அந்தக் கண்ணாடித் தரைப் பக்கம் நான் இனி வரவே கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். மேலிடத்து உத்தரவு, மீற முடியாது.

இனி வீட்டுச் செய்தி. போன வாரம் போனில் நீங்கள் ஒப்பந்தம் பற்றிச் சொன்னீர்கள் அல்லவா? இந்தக் கட்டடம் முடிந்ததும் இதைவிட உயரமாக இன்னொன்று, அதற்கும் உங்களையே கேட்கிறார்கள், கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று. அம்மா உடனே, "போட்டுடுங்க" என்றாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில் சொன்னாள். போனை வைத்ததும், பளபளவென்று இருந்த அடுப்பை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். பர்னரையெல்லாம் கழற்றித் துடைத்தாள். அன்றைக்கு டீ போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இதில் நான் கருத்துச் சொல்லக் கூடாதாம். சின்னப் பிள்ளையாம். அதனால் கருத்துச் சொல்லவில்லை. என் காலேஜ் படிப்புக்காகத்தான் இந்த இரண்டு வருஷமும் என்று நீங்கள் சொன்னதும், படிப்பின் மேல் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போய்விட்டது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். இது கருத்து இல்லை, தகவல்.

இன்னொன்று. அம்மா சரியில்லை. பயப்படாதீர்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லை. வார லீவு அன்று மத்தியானம் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறாள். சீருடை தைக்கிற இடத்தில் நூல்கண்டுகளுக்கு நடுவே வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பவள், லீவு நாளில் நூல் வாங்கப் போகிறாள். வெறுங்கையோடு திரும்பி வருகிறாள். முகம் வெளுத்திருக்கிறது. கேட்டால் வெயில் என்கிறாள். போன வாரம் மழை. நானும் நூல் விட்டுப் பார்த்தேன், பிடி கொடுக்கவில்லை.

அடுத்த லீவுக்குப் பின்னாலேயே போகப் போகிறேன். உங்கள் பழைய தொப்பியையும் பெரிய கண்ணாடியையும் எடுத்து வைத்துவிட்டேன். கண்டுபிடித்ததும் எழுதுகிறேன். அதுவரை பேனா பக்கம் போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாலு


அன்பும் உயரமும் மிக்க அப்பாவுக்கு,

உங்கள் ஊரில் இன்று காற்று எப்படி? பலமாக அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். இது கொஞ்சம் நீளமான கடிதம்.

கண்டுபிடித்துவிட்டேன். அம்மா போவது அந்த நாற்பது மாடிக்கு.

ஆமாம், நம் அம்மாதான். பரண் மேல் இருக்கும் டப்பாவை எடுக்க ஸ்டூலில் ஏறிவிட்டு, இறக்கிவிட ஆள் தேடுகிற அதே அம்மா. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூட நடுவிலேயே நிற்பாளே, அவளேதான். தொப்பியும் கண்ணாடியுமாகப் பின்னால் போன நான் வாசலிலேயே வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். அவள் டிக்கெட் வரிசைக்கே போகவில்லை. லிஃப்ட்காரர் வணக்கம் வைத்து, வாங்கம்மா என்று கூட்டிப்போனார். நான் உண்டியலை உடைத்த காசில் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது லிஃப்ட்காரர் என் தொப்பியைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், நீ அந்த அம்மா பொண்ணுதானே என்று கேட்டுவிட்டார். அம்மா அவரிடம் உங்கள் போட்டோவைக் காட்டியிருக்கிறாளாம். மூக்கை மாற்ற முடியவில்லை, மன்னிக்கவும். அது உங்கள் மூக்கு.

மேலே போகிற வழியிலேயே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவருடைய சீருடைக் கோட்டின் கை விரல் நுனிவரை தொங்கிக்கொண்டிருந்ததாம். அதை அளவாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தது அம்மாவாம். அந்த நன்றிக்கு, கூட்டமில்லாத நேரத்தில் சும்மா கூட்டிப்போகிறார். முதல் தடவை வந்தபோது மேலே கதவு திறந்ததும் அம்மா வெளியே கால் வைக்கவே இல்லையாம். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கீழே வந்து வீட்டுக்குப் போய்விட்டாளாம். அடுத்த முறை லிஃப்டுக்கு எதிரே இருக்கும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாளாம். அப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியை நோக்கி நகர்ந்திருக்கிறாள். எதற்கும்மா இவ்வளவு கஷ்டம், கீழேயே நின்று பார்க்கலாமே என்று இவர் கேட்டாராம். பழகிக்கிறேன் என்றாளாம்.

நான் போனபோது அம்மா கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். ஒரு கையால் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். பின்னால் மெதுவாகப் போய்க் கண்ணைப் பொத்தி "பே" என்று கத்துவதுதான் என் திட்டம். கை இரண்டையும் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவள் ஊரைப் பார்க்கவில்லை அப்பா. நேர் எதிரே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், புதிதாக இன்னொரு கட்டடம் எழும்புகிறது. அதற்கு ஒரு டவர் கிரேன். அதன் கூண்டு சரியாக இந்தத் தளத்தின் மட்டத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு ஆள், உங்களைவிடச் சின்ன வயசு. சாப்பாட்டு டப்பாவை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைக் கொக்கி மேலேயே வைத்தபடி அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக அசைத்தாள். சுமையை இறக்கும்போது 'மெதுவா, மெதுவா' என்று கீழே இருப்பவர் உங்களுக்குக் காட்டுவாரே, அதேதான். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அப்புறம் நிஜமாகவே மெதுவாகச் சாப்பிட்டார்.

இவர்களுக்கு எப்படிப் பழக்கம் என்று, என் பின்னாலேயே வந்து நின்ற லிஃப்ட்காரரைக் கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போன வாரம் அந்த ஆள் மத்தியானம் தாண்டியும் சாப்பிடவே இல்லையாம். ஒன்று மாற்றி ஒன்றாகக் கட்டுக் கட்டாகக் கம்பி ஏற்றிக்கொண்டே இருந்தாராம். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்து 'நிறுத்து' என்று காட்டிவிட்டாளாம். மற்ற சைகையெல்லாம் அதற்கென்று இருக்கும் ஆள் காட்டினால்தான் செல்லும், 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று நீங்கள் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. அவ்வளவுதான், கம்பிக்கட்டு அந்தரத்தில் நின்றது. கீழே சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து கத்தினார். என்ன ஆபத்து, எங்கே ஆபத்து என்று அங்கே ஒரே ஓட்டம். இங்கே காவலாளி ஓடிவந்து, என்னம்மா பண்றீங்க என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: "மணி என்னாச்சு பாருங்க, அந்தத் தம்பி இன்னும் சாப்பிடல."

குறும்பு எனக்கு உங்களிடமிருந்து வந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஊரில் ஒரு கிரேனையே நிறுத்தியிருக்கிறாள். என் ஸ்டிக்கரெல்லாம் எம்மாத்திரம்.

சிரிப்பை அடக்க முடியாமல் நான் சத்தம் போட்டுவிட்டேன். அம்மா திரும்பினாள். திட்டுவாள் என்று தயாரானேன். திட்டவில்லை. உங்கள் தொப்பியை என் தலையிலிருந்து எடுத்துத் தூசி தட்டித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவளாகவே பேசினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உங்கப்பா மேல உக்காந்து நாள் பூரா என்னத்தப் பாக்குறார்னு பாக்கத்தான் வந்தேன். ஊரெல்லாம் தெரியுதுடி. ஒருத்தர் மூஞ்சிகூடத் தெரியல."

அப்பா, எல்லாரும் தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்பார்கள். எல்லார் தலைக்கும் மேலே வேலை பார்ப்பது நீங்கள் ஒருவர்தான் என்று நான் வகுப்பில் பீற்றிக்கொள்வேன். அங்கே சாப்பிடும்போது உங்கள் எதிரில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதிய கட்டடத்து வாசலில் ஒரு போர்டு தொங்குகிறது. இரண்டாவது கிரேன் வரப்போகிறதாம், அனுபவமுள்ள ஆபரேட்டர் தேவையாம். நான் குதித்துக்கொண்டு அம்மாவுக்குக் காட்டினேன். அவள் வாரக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறாளாம். விசாரித்தும் வைத்திருக்கிறாள். சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதில் பாதிக்கும் கொஞ்சம் மேல். ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். மேகத்துக்கு மேலே கட்டடம் கட்டுகிற மனுஷனை இங்கே வந்து பொம்மை வீடு கட்டச் சொல்வதா, அவர் மனசு என்ன பாடுபடும் என்றாள். நீங்கள் கட்டுகிற கட்டடத்தின் படத்தை அவள் தையல் மிஷின் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள், தெரியுமா? தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அளவு கொடுக்க வேண்டும். அதைச் சின்னதாக்க அவளுக்கு மனசு வரவில்லை.

என் படிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பக்கத்துக் காலேஜிலும் அதே பாடம்தான், அதே புத்தகம்தான். படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது, நானும் இதுவரை அதைத் துரத்தியதில்லை. இனிமேல் துரத்துகிறேன். இது விளையாட்டுக்குச் சொல்வது இல்லை. வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எழுதும்போது, தாராளமா கையெழுத்துப் போடச் சொன்னேன்னு எழுது என்று அம்மா சொன்னாள். எழுதிவிட்டேன். சொன்னதை எழுதுவது என் கடமை.

சொல்லாததை எழுதுவதும் என் கடமை என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது லிஃப்டில் லிஃப்ட்காரரைத் தவிர நாங்கள் இருவர் மட்டும்தான். காது அடைத்தது. மாடி எண்கள் கடகடவென்று குறைந்துகொண்டே வந்தன. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "உங்கப்பா கீழ இறங்க எவ்வளவு நேரம்டி ஆகும்?" என்று கேட்டாள்.

பாதிவரை ஏணிதானே, அரை மணி நேரம் ஆகும் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றேன்.

"அது இல்லடி" என்றாள். கையில் இருந்த உங்கள் தொப்பியை மறுபடி தூசி தட்டினாள்.

காற்று அடங்கியிருந்தால் வேலையைப் பாருங்கள் அப்பா. கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக ஏறுங்கள், பத்திரமாக இறங்குங்கள். மெதுவாகச் சாப்பிடுங்கள். அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். போனில் வேண்டாம். போனில் கேட்டால் அவள் மறுபடி அடுப்பைத் துடைக்கப் போய்விடுவாள்.

இப்படிக்கு,
கீழ்ப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மகள்