வரப்பில் தலைப்பாகை தெரியும்வரை

நைனா,

என் தோளில் கிடக்கும் துண்டில் ஈரம் இன்னும் காயவில்லை. என் மகளின் எச்சில். பால் வாசனை அடிக்கிறது. தூங்கும் மூன்று வயதுக் குழந்தை இவ்வளவு கனக்கும் என்பது நாற்பதைத் தாண்டித் தகப்பனான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெரியவர்கள் எதிரில் பெற்ற பிள்ளையைத் தூக்கினால் வெட்கங்கெட்டவன் என்பார்கள். அது நம் வீட்டு வழக்கம். உங்களுக்குப் பெரியவர் உங்கள் அண்ணன். திருவிழா பார்த்துத் திரும்பும்போது என் காலில் முள் ஏறியது. "நைனா, தூக்கு" என்று அழுதேன். நீங்கள் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆம்பளப் புள்ள, நடடா" என்றீர்கள். நிறைமாதமாக இருந்த அம்மாதான் தூக்கினாள். அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

இன்னொன்றையும் மறக்கவில்லை. இப்போது பம்புசெட் ஓடும் கிணற்றில் அப்போது மாடு கட்டி இறைப்பீர்கள். வேலை முடிந்து நாம் இருவர் மட்டும் திரும்பினால் என்னைத் தோளில் ஏற்றிக்கொள்வீர்கள். ஈரத் துண்டும் மாட்டு வாசனையும். வரப்பின் கோடியில் பெரியப்பாவின் தலைப்பாகை தெரிந்ததும், "எறங்கு, எறங்கு, அண்ணன் வராரு." திருட்டுப் பொருளைப் போல என்னைக் கீழே வைப்பீர்கள்.

இன்று உங்கள் முதல் திவசம். சடங்கு முடிந்து கூடத்தில் இலை போட்டிருந்தது. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா உட்காரவில்லை.

"இன்னாடா இது? பி.ஏ. படிச்சிட்டா வெக்கம் பூடுமா? உங்கப்பன் என் எதிர்ல ஒரு நாளாவது உன்னத் தூக்கிக் கீறானா?"

"இல்ல பெரிப்பா. அதான் நான் தூக்கிக்கினு கீறேன்."

"எறக்கி வுடு. அப்பதான் இலையில குந்துவேன்."

அவர் எதிரில் ஒருநாளும் வாய் திறக்காத அம்மா, அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "கொயந்த தூங்குது. நீ அப்படியே நில்லுடா."

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். இனி இந்த வூட்டு வாசலை மிதிக்க மாட்டாராம். மிதிக்க வேண்டாம். அவர் இலையில் சோறு ஆறிக் கிடந்தது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரப்பில் ஆள் இல்லாதபோது மட்டும் அப்பனாக இருந்தவர் நீங்கள். ஆனால் அந்தக் கொஞ்ச தூரமும் இல்லாமல் போயிருந்தால், தோள் எதற்கு என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. அதை மட்டும் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். என் மகளுக்கு அதை ஒளித்துக் கொடுக்கமாட்டேன்.

சற்று நேரத்தில் கண் விழித்தவள், அடுப்படிப் பூனையைக் கண்டு, "எறக்கி வுடு, நைனா" என்றாள்.

அப்போதுதான் இறக்கினேன்.